வைஃபை அடிக்கடி அறுந்துபோகிறதா? கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று முதலில் பாருங்கள்

"இணையம் வரவில்லை" என்று வீட்டில் யாராவது குரல் கொடுத்தால், அதற்குப் பின்னால் இரண்டு வெவ்வேறு கோளாறுகளில் ஒன்று இருக்கும். வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் ஃபைபர் இணைப்பு கெட்டிருக்கலாம். அல்லது அந்த இணைப்பு வந்து முடியும் பெட்டியிலிருந்து கைப்பேசி வரை காற்றில் போகும் வைஃபை கெட்டிருக்கலாம். முன்னது சேவை நிறுவனத்தின் பொறுப்பு. பின்னது பெரும்பாலும் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் போவதால்தான் பல குடும்பங்கள் மாதக் கட்டணத்தை உயர்த்தி வேகமான திட்டத்துக்கு மாறியும் பயன் காணாமல் தவிக்கின்றன. அப்படி மாறும்போது பெரும்பாலும் 24 மாத ஒப்பந்தம் புதிதாகத் தொடங்கிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

கெப்பாலா பத்தாஸ், பெர்த்தாம் வட்டாரத்தில் இது சின்ன விஷயமல்ல. வயலும் கம்பத்து வீடுகளுமாக இருந்த இடத்தில் வரிசை வீட்டுத் தாமான்கள் எழுந்துள்ளன. தீவுப் பகுதிக்கோ பட்டர்வொர்த்துக்கோ வேலைக்குப் போகிறவர்களில் வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களும் உண்டு. பிள்ளைகளின் வீட்டுப்பாடம், டியூஷன், வெளியூரில் இருக்கும் மகனோடு வீடியோ அழைப்பு, சிறு வியாபாரியின் மின்பணப்பை என எல்லாம் ஒரே வைஃபையில்தான் ஓடுகின்றன. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து இல்லிருப்புக் கற்றல் தொடங்கியபோது பலருக்கு இது உறைத்தது. வகுப்பு நடுவே ஆசிரியரின் முகம் உறைந்து நின்றால் நிறுவனத்தைத் திட்டினோம். பல வீடுகளில் குற்றவாளி டிவி மேசைக்கு அடியில் இருந்திருக்கக் கூடும்.

கேபிள் சோதனை

எதையும் மாற்றுவதற்கு முன்பு செய்ய வேண்டிய சோதனை ஒன்றே ஒன்று. மடிக்கணினியை வைஃபையில் இருந்து துண்டித்து, நெட்வொர்க் கேபிள் மூலம் ரவுட்டரின் பின்புறத் துளையில் நேரடியாகச் செருகி, வேகத்தை அளக்க வேண்டும். அளக்கும் நேரத்தில் வீட்டில் வேறு யாரும் படம் பார்க்காமல் இருப்பது நல்லது. கேபிளில் திட்டத்துக்கேற்ற வேகம் வந்து, வைஃபையில் மட்டும் குறைந்தால், வெளி இணைப்பு நன்றாக இருக்கிறது; கோளாறு வீட்டுக்குள். கேபிளிலும் குறைவாகவே வந்தால், அல்லது அதுவும் விட்டு விட்டு வந்தால், ரவுட்டரிலோ வெளியிலோ கோளாறு.

ஒரு முறை அளந்தால் போதாது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, இரவு 9 மணி வாக்கில் ஒரு முறை என இரண்டு மூன்று நாள் அளந்து எழுதி வைக்க வேண்டும். கேபிளில் பகலெல்லாம் சரியாக இருந்து இரவில் மட்டும் சரிந்தால், அந்தப் பகுதியில் எல்லாரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் நெரிசல் காரணமாக இருக்கலாம். அதை ரவுட்டரை மாற்றித் தீர்க்க முடியாது.

அளவு காட்டும் எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. திட்டத்தில் சொல்லப்படும் 100 எம்.பி.பி.எஸ். என்பது பிட் கணக்கு. கோப்பு இறக்கும்போது கணினி காட்டுவது பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் அதிகபட்சம். "நூறு கட்டினேன், பன்னிரண்டுதான் வருகிறது" என்று புகார் செய்கிறவர் ஏமாற்றப்படவில்லை. அதே போல, 300 அல்லது 500 திட்டம் வைத்திருப்பவருக்குக் கேபிளில் எப்போது அளந்தாலும் 94 அருகிலேயே எண் நின்றுவிட்டால், இணைப்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கேபிளோ, ரவுட்டரின் துளையோ, கணினியின் துளையோ 100 எம்.பி.பி.எஸ். அளவுக்கு மட்டுமே ஆனது. அல்லது கேபிளின் உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது. சில வெள்ளிக்குக் கிடைக்கும் புதுக் கேபிள் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வேகம் நன்றாக இருந்தும் இடையிடையே அறுந்துபோகிறது என்றால், வேகச் சோதனை அதைக் காட்டாது. அதற்கு 'பிங்' என்ற கட்டளை உதவும். விண்டோஸ் கணினியில் கமாண்ட் புரோம்ப்ட் சன்னல்கள் இரண்டைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரியையும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) மற்றொன்றில் 8.8.8.8 என்ற கூகள் முகவரியையும் தொடர்ந்து தட்டிப் பார்க்கும்படி விட வேண்டும். கைப்பேசிக்கும் இதற்கான இலவசச் செயலிகள் உண்டு. இதைக் கேபிளில் அல்லாமல் வைஃபையில் இருந்தபடியே செய்ய வேண்டும். இணையம் அறுந்த அந்த நொடியில் இரண்டு சன்னல்களிலும் பதில் நின்றுபோனால், கணினிக்கு ரவுட்டரே எட்டவில்லை. அதாவது வைஃபை கோளாறு. ரவுட்டர் மில்லிநொடிகளில் பதில் தந்துகொண்டிருக்க, 8.8.8.8 மட்டும் மௌனமானால், வீட்டு வைஃபை குற்றமற்றது. தொழில்நுட்பரை வரவழைத்து அவர் வந்த நேரத்தில் எல்லாம் நன்றாக ஓடி, அவர் போன பிறகு மறுபடி அறுந்துபோகும் அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த இரண்டு சன்னல்களைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சிவப்பு விளக்கு

ஃபைபர் வந்து முடியும் சிறு பெட்டியின் விளக்குகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம். அதில் 'லாஸ்' என்று குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ, ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அது மாறாது. சுவரிலிருந்து அந்தப் பெட்டிக்கு வரும் மெல்லிய கம்பியை மட்டும் பார்க்கலாம். அதன் உள்ளே இருப்பது முடியளவு கண்ணாடி. அலமாரியை நகர்த்தும்போது நசுங்கியிருக்கிறதா, கூர்மையாக மடிந்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பார்த்து, மடிப்பை மெதுவாக நீக்கலாம். கழற்றித் துடைப்பதும் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பதும் வேண்டாம். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் லேசர் ஒளி. இதற்குமேல் செய்வது தொழில்நுட்பரின் வேலை.

அந்தப் பெட்டியின் விளக்குகள் சரியாக இருந்து, ரவுட்டரின் இணைய விளக்கு மட்டும் எரியவில்லை என்றால், இரண்டையும் அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, முதலில் ஃபைபர் பெட்டியையும் அது நிலைத்த பிறகு ரவுட்டரையும் போட வேண்டும். ஆனால் அணைத்துப் போடுவது வேறு, ரவுட்டரின் பின்னால் ஊசித் துளையில் இருக்கும் பொத்தானை அழுத்துவது வேறு. அந்தப் பொத்தான் எல்லா அமைப்புகளையும் அழித்து, பெட்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். சேவைக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கையில் இல்லாதவர் அதை அழுத்தினால், விட்டு விட்டு வந்த இணையம் அடியோடு நின்றுபோகும். ஆர்வமுள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதைச் சொல்லி வைப்பது நல்லது.

ரவுட்டர் எங்கே இருக்கிறது?

கேபிளில் எல்லாம் சரி, வைஃபைதான் கோளாறு என்று தெரிந்துவிட்டால், பணம் செலவழிக்கும் முன் பெட்டி இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். நம் வரிசை வீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை. ஃபைபர் முன்பக்கம் வழியாக உள்ளே வரும். பெட்டி வரவேற்பறையில் டிவிக்குப் பக்கத்தில் அமரும். சமையலறையும் மாடியின் பின் அறையும் அதற்கு நேர் எதிர் மூலையில் இருக்கும். இடையில் இரண்டு மூன்று செங்கல் சுவர்களும் ஒரு கான்கிரீட் தளமும். அலை ஒவ்வொரு சுவரிலும் வலு இழந்துகொண்டே போகும். இதில் பெட்டியை டிவிக்குப் பின்னாலோ, கதவு மூடிய அலமாரிக்குள்ளோ, அழகுக்காக ஒரு பானைக்குப் பின்னாலோ மறைத்து வைப்பது வழக்கம். டிவியின் பின்புற உலோகம், நிலைக்கண்ணாடி, மீன் தொட்டியின் தண்ணீர், குளிர்சாதனப் பெட்டி எல்லாம் வைஃபைக்குத் தடைகள். தண்ணீர் அலையை விழுங்கும். உலோகம் திருப்பி அடிக்கும்.

பெட்டியை நெஞ்சளவு உயரத்தில், திறந்த இடத்தில், கூடியவரை வீட்டின் நடுவை நோக்கி வைத்தாலே பல வீடுகளில் பிரச்சினை பாதி குறையும். மாடிப்படி அருகே வைப்பது நல்ல இடம். மேலே போகும் திறந்த வெளி வழியாக அலையும் ஏறும். ஃபைபர் பெட்டியை நகர்த்த முடியாவிட்டாலும், அதிலிருந்து ரவுட்டருக்குப் போகும் சாதாரண நெட்வொர்க் கேபிளை நீட்டலாம். அது 100 மீட்டர் வரை தாங்கும்.

அடுத்தது அலைவரிசை. இன்றைய ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டில் இயங்குகின்றன. 2.4 தூரம் போகும், சுவரை ஓரளவு துளைக்கும். ஆனால் மெதுவானது, கூட்டம் மிகுந்தது. 5 வேகமானது, இரண்டு சுவர் தாண்டினால் களைத்துவிடும். வரவேற்பறை டிவியையும் வேலை செய்யும் மடிக்கணினியையும் 5-இலும், தூரத்து அறையை 2.4-இலும் வைப்பது பொதுவான வழி. வெளிக்கதவு கேமரா, வைஃபை மின்செருகி போன்ற மலிவான கருவிகளில் பல 2.4-ஐ மட்டுமே அறிந்தவை. அவை இணைய மறுத்தால் அவற்றைக் குப்பையில் போடும் முன் இதைச் சரிபார்க்கலாம்.

2.4-இல் கூட்டம் என்றது சும்மா இல்லை. அந்த அலைவரிசையில் ஒன்றையொன்று இடிக்காத தடங்கள் 1, 6, 11 என மூன்றுதான். நெருக்கமான தாமான் வீட்டில் வைஃபை பட்டியலைத் திறந்தால் இருபுறத்து அண்டை வீடுகளும் பின்வரிசையும் சேர்ந்து பத்துப் பெயர் வரும். எல்லாரும் மூன்று தடங்களைப் பங்கு போட வேண்டும். வைஃபை அளக்கும் செயலி ஒன்றில் எந்தத் தடத்தில் கூட்டம் குறைவு என்று பார்த்து, ரவுட்டர் அமைப்பில் 1, 6, 11 மூன்றில் ஒன்றைத் தேர்வு செய்யலாம். 3-ஐயோ 8-ஐயோ தேர்ந்தெடுத்தால் இரண்டு பக்கமும் இடிபடும். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அருகேதான் வேலை செய்கிறது. சோறு சூடாகும் இரண்டு நிமிடம் மட்டும் சமையலறையில் இணையம் திக்கினால் பேய் பிசாசு எதுவும் இல்லை.

5 கிகாஹெர்ட்ஸில் வேறொரு விசித்திரம் உண்டு. அதன் 52 முதல் 144 வரையிலான தடங்களை வானிலை ராடார் போன்ற கருவிகளும் பயன்படுத்துவதால், ராடார் அலை கேட்டதாகத் தோன்றினால் ரவுட்டர் உடனே அந்தத் தடத்தை விட்டு விலக வேண்டும் என்பது விதி. இன்னொரு ராடார் தடத்துக்குப் போவதானால், அங்கே பேசத் தொடங்கும் முன் குறைந்தது 1 நிமிடம் கேட்டிருக்க வேண்டும். வீட்டில் இருப்பவருக்கு இது எப்படித் தெரியும் என்றால், 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் பட்டியலிலிருந்தே திடீரென மறைந்து சில நிமிடத்தில் திரும்பும். தானியங்கித் தேர்வில் விட்ட ரவுட்டர்களில் இது நேரலாம். தடத்தைக் கையால் 36 முதல் 48-க்குள் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். 'காரணமே இல்லாமல் அறுந்துபோகிறது' என்று சொல்லப்படும் வீடுகளில் பார்க்க வேண்டிய இடம் இது, தெரிந்தவர்கள் குறைவு.

பழைய பெட்டி

யூனிஃபை 2010 மார்ச்சில் அறிமுகமானபோது வீட்டுத் திட்டங்களின் வேகம் 5, 10, 20 எம்.பி.பி.எஸ். அதற்கேற்ற ரவுட்டர்கள்தான் அன்று வீடுகளுக்கு வந்தன: 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், 100 எம்.பி.பி.எஸ். துளைகள். 2018-இல் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் மொத்த விலைக்கான கட்டாயத் தரநிலையை அமலாக்கிய பிறகு கட்டணம் குறைந்தது. பழைய வாடிக்கையாளர்கள் பலருக்கு அதே ஆண்டிலேயே வேகம் பல மடங்கு கூட்டப்பட்டது. வேகம் கூடியது, பெட்டி மாறவில்லை. அத்தகைய பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் 300 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்குக் கட்டணம் கட்டுவது, அரை அங்குலக் குழாய் வழியே பெரிய தொட்டியைக் காலி செய்யப் பார்ப்பது போல. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் புது ரவுட்டர் கேட்பது வாடிக்கையாளரின் நியாயமான கோரிக்கை. கேட்காமல் வருவது அரிது.

சொந்தமாக வாங்குபவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, சிரிம் சான்று முத்திரை. இணையச் சந்தையில் முத்திரை இல்லாத பெட்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. மற்றொன்று, நிறுவனத்தின் இணைப்பு முறைக்கு அது பொருந்துமா என்பது. யூனிஃபைக்கு 'விலேன்' 500 என்ற அமைப்பும் பயனர் பெயர், கடவுச்சொல்லும் தேவை. இந்த அமைப்பு இல்லாத ரவுட்டரை வாங்கினால் அது எவ்வளவு விலையானாலும் இணையம் வராது.

தூரத்து அறைக்கு எட்டவில்லை என்று 'ரிப்பீட்டர்' வாங்குவோர் அதிகம். சிறிய வீட்டுக்கு அது போதும். ஆனால் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் மலிவான வகை, வேகத்தைப் பாதியாக்கிவிடும். அதை இணையம் வராத அறையிலேயே செருகுவது அடுத்த தவறு. வராததை அது எப்படிப் பெருக்கும்? நல்ல சிக்னல் இருக்கும் பாதி வழியில் செருக வேண்டும். ஈரடுக்கு வீட்டுக்கு மேலும் கீழும் ஒவ்வொன்றாக 'மெஷ்' பெட்டிகள் வைப்பது மேல். அவற்றுக்கிடையே ஒரு நெட்வொர்க் கேபிளை இழுத்துவிட்டால் பல ஆண்டுகளுக்குத் தலைவலி இல்லை. வீடு புதுப்பிக்கும்போது மின்கம்பி இழுப்பவரிடம் சேர்த்துச் சொன்னால் செலவும் அதிகமாகாது.

வெப்பத்தையும் சொல்ல வேண்டும். ரவுட்டர் 24 மணி நேரமும் ஓடும் சிறு கணினி. மூடிய அலமாரிக்குள், தகரக் கூரையின் கீழ், பிற்பகல் வெயிலில் அது சுட்டுப்போய்த் தானே நின்று மறுபடி தொடங்கும். அதன் மின் அடாப்டரும் சில ஆண்டுகளில் வலுவிழக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. நாளுக்குப் பல முறை எல்லா விளக்கும் அணைந்து மீண்டும் எரிந்தால், அதே வோல்ட்டும் அதே அல்லது அதிக ஆம்பியரும் உள்ள வேறு அடாப்டரைப் போட்டுப் பார்க்கலாம்.

மழை பெய்தால்

மழை வந்தால் ஆஸ்ட்ரோ நிற்கிறது, ஆகவே வைஃபையும் மழையால்தான் நிற்கிறது என்று நம்புவோர் உண்டு. ஆஸ்ட்ரோ ஒளிபரப்பு துணைக்கோளத்திலிருந்து மிக உயர்ந்த அலைவரிசையில் மழையைக் கடந்து வருகிறது. கனமழை அதை விழுங்கும். வீட்டுக்குள் ஓடும் வைஃபையையும் கண்ணாடி இழையில் ஓடும் ஒளியையும் மழைத்துளி தொடுவதில்லை. செம்புக் கம்பியில் வந்த ஸ்திரீமிக்ஸ் காலத்தில் இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து இரைச்சல் எழும். அந்த நினைவும் இன்னும் போகவில்லை. இப்போது மழையில் இணையம் நின்றால் பார்க்க வேண்டியவை: இடியில் மெயின் பெட்டியின் சுவிட்ச் விழுந்ததா, மரக்கிளை சாய்ந்து வெளிக் கம்பி அறுந்ததா, லாஸ் விளக்கு சிவப்பா.

இடி பலமாக இருக்கும்போது அடாப்டரைச் செருகியிலிருந்து கழற்றி வைப்பது நல்ல பழக்கம். ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது, மின்செருகி கடத்தும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடி வழக்கமான நம் வட்டாரத்தில் இது ஒரு ரவுட்டரின் விலையை மிச்சப்படுத்தும்.

கோளாறு ஒரே ஒரு கைப்பேசியில் மட்டும் என்றால் மேலே சொன்ன எதுவும் தேவையில்லை. அந்தக் கைப்பேசியில் வைஃபை பெயரை 'மறந்துவிடு' எனக் கொடுத்து, மறுபடி கடவுச்சொல் இட்டு இணைத்தால் பெரும்பாலும் சரியாகும். எல்லாக் கருவிகளும் மெதுவாக இருந்தால், ரவுட்டரின் செயலியில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்க்கலாம். போன தீபாவளிக்கு வந்த விருந்தினருக்குச் சொன்ன கடவுச்சொல் இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் இருப்பது நடக்காத காரியமல்ல. கடவுச்சொல்லை மாற்றினால் வீட்டுக் கருவிகள் ஒவ்வொன்றிலும் மறுபடி இட வேண்டிவரும். அந்தச் சிரமத்துக்கு அஞ்சியே பலர் மாற்றுவதில்லை.

புகார் செய்யும்போது

கேபிளிலும் வேகம் இல்லை, அல்லது 8.8.8.8 மட்டும் நின்றுபோகிறது என்று உறுதியான பிறகு நிறுவனத்தை அழைக்கலாம். "வைஃபை ஸ்லோ" என்று தொடங்கினால், பெட்டியை அணைத்துப் போடுங்கள் என்ற பதிலோடு பேச்சு முடியும். சேவை நிறுவனங்கள் பொதுவாக வைஃபை வேகத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. "கேபிளில் அளந்தேன், மூன்று நாள், இரவு 9 மணிக்கு இவ்வளவு, காலையில் இவ்வளவு, திட்டம் இவ்வளவு" என்று தொடங்கினால் பேச்சு வேறு விதமாகப் போகும். தேதியும் நேரமும் தெரியும்படி எடுத்த திரைப்படங்களை வைத்திருப்பது நல்லது. டி.எம். நிறுவனத்துக்கு 100 என்ற எண். எந்த நிறுவனமானாலும் புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் தொலைபேசியை வைக்கக் கூடாது. வந்து பார்த்த தொழில்நுட்பர் என்ன செய்தார் என்பதையும் தேதியோடு குறித்துக்கொள்ள வேண்டும்.

நிறுவனம் தீர்த்து வைக்காவிட்டால், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் இணையப் புகார்த் தளத்தில் அந்தப் புகார் எண்ணோடு முறையிடலாம். 1998-ஆம் ஆண்டு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்த ஆணையம், இணையச் சேவைக்கான கட்டாயத் தரநிலைகளையும் வகுத்துள்ளது. எழுதத் தயங்குபவர்களும் மலாயில் முறையிடச் சிரமப்படும் முதியவர்களும் ஜார்ஜ்டவுனில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம்; அங்கே தமிழிலும் பேசலாம். போகும்போது கடைசி மூன்று மாத ரசீது, ஒப்பந்த நகல், அளந்து எழுதிய தாள், புகார் எண் நான்கையும் எடுத்துப் போக வேண்டும்.